கோட்டூர்புரம் மரப் பூங்காவும் நம் பள்ளி வேப்பமரமும்



போன மாதம் இந்தச் சுவர் இதழில் ஒரு அண்ணன் செயற்கைக்கோள் பற்றி எழுதியிருந்தார். எல்லாரும் அண்ணாந்து பார்க்கிற விஷயம். நான் இந்த மாதம் எடுத்துக்கொண்ட தலைப்பு நம் காலுக்குக் கீழே ஒரு முழம் ஆழத்தில் இருக்கிறது. மரத்தின் வேரும், அதைக் காப்பாற்ற சம்பளம் வாங்காமல் வேலை செய்கிறவர்களும்தான் என் தலைப்பு. ஏன் இப்போது எழுதுகிறேன் என்பதைக் கடைசிப் பகுதியில் சொல்கிறேன். அவசரம் உள்ளவர்கள் முதலில் அதைப் படித்துவிட்டு மேலே வரலாம்.

தன்னார்வலர் என்றால் யார்? யாரும் கட்டாயப்படுத்தாமல், கூலி வாங்காமல், பொது வேலையைத் தன் வேலையாக எடுத்துச் செய்கிறவர். கோயில் திருவிழாவில் நீர்மோர் ஊற்றுகிற அண்ணன்களும் தன்னார்வலர்கள்தான். நம்ம ஊரில் அது புதுசு இல்லை. ஆனால் பூங்காவுக்கும் மரத்துக்கும் அப்படி ஆட்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குச் சென்னை போன பிறகுதான் தெரியும்.

குப்பைமேடு பூங்கா ஆன கதை

சென்னையில் அடையாற்றின் கரையில் கோட்டூர்புரம் என்று ஒரு பகுதி இருக்கிறது. எங்க சித்தி வீடு அந்தப் பக்கம்தான். ஆற்றங்கரையில் பொதுப்பணித் துறைக்குச் சொந்தமான இடம் ஒன்று முன்பு குப்பை கொட்டுகிற இடமாகக் கிடந்தது. 2005-ஆம் ஆண்டு சென்னையில் 'நிழல்' என்று ஒரு அமைப்பு தொடங்கப்பட்டது. மரங்களைக் காப்பதுதான் அவர்கள் வேலை. 2006-இல் இருந்து அந்தக் குப்பைமேட்டைத் தன்னார்வலர்களை வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார்கள். இன்றைக்கு அதற்குப் பெயர் கோட்டூர்புரம் மரப் பூங்கா.

முழு ஆண்டு விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தி என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார்கள். நம்ம பக்கம் பூங்கா என்றால் என்ன நினைப்போம்? புல்தரை, குரோட்டன்ஸ் செடி, சிமெண்ட் பெஞ்சு, "பூக்களைப் பறிக்காதீர்" என்ற போர்டு. இங்கே தரை எல்லாம் காய்ந்த இலை. சித்தப்பா முதல் தடவை பார்த்தபோது "யாரும் கூட்டவே மாட்டாங்களா" என்று கேட்டாராம். அது வேண்டுமென்றே விட்ட இலை. அதற்கு மூடாக்கு என்று பெயர். நம்ம ஊரில் கரும்பு வெட்டிய பிறகு சோகையைப் பரப்பி விடுகிறார்களே, அதே வேலைதான். வெயில் நேராக மண்ணில் படாது, ஈரம் சீக்கிரம் காயாது, இலை மக்கி உரமாகும், மண்புழு வரும். நாம் பள்ளியில் தினமும் இலையைக் கூட்டிக் கொளுத்துகிறோம். இலைக்குள் இருந்த சத்து புகையாகப் போய்விடுகிறது. மிச்சம் நமக்கு இருமல்தான்.

அன்றைக்கு அங்கே வந்திருந்தவர்கள் பதினைந்து பேர் இருப்பார்கள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிற ஒரு அக்கா, ரிட்டயர் ஆன ஒரு தாத்தா, காலேஜ் அண்ணன்கள் மூன்று பேர், என்னைவிடச் சின்னப் பையன் ஒருவன். யாரும் யாரையும் "மேடம்", "சார்" என்று கூப்பிடவில்லை. எனக்குக் கொடுத்த வேலை களை பிடுங்குவது. இது எனக்குத் தெரியாத வேலையா? மணிலா கொல்லையில் செய்வதுதானே! ஆனால் ஒரு விஷயத்தில் அந்தத் தாத்தா என்னை நிறுத்தினார். ஒரு சின்னச் செடியைக் காட்டி, "இதை விடும்மா, இது தானா முளைச்ச வெப்பாலை" என்றார். எதைப் பிடுங்க வேண்டும் என்பதைவிட எதை விட வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்குத்தான் அங்கே அதிக நேரம் ஆனது.

பிடுங்க வேண்டியது எது, விட வேண்டியது எது?

இது கொஞ்சம் பெரிய பாடம். வேறு நாட்டில் இருந்து வந்த செடிகள் சில இங்கே தானாகவே பரவி, நம்ம செடிகளுக்கு இடம் விடாமல் அடைத்துக்கொள்ளும். அவற்றுக்கு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்கள் என்று பெயர். சீமைக்கருவேல், உண்ணிச்செடி, பார்த்தீனியம் மூன்றும் எல்லாருக்கும் தெரிந்தவை. சீமைக்கருவேல் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. 1877-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். விறகுக்கும் வேலிக்கும் ஆகும் என்று நட்டார்கள். இப்போது ஏரி, குளம், ஆற்றுப் புறம்போக்கு எல்லாம் அதுதான். அதை வெட்டினால் போகாது. வெட்டிய அடியில் இருந்து இன்னும் நாலு கிளையாகத் துளிர்க்கும். வேரோடு எடுக்க வேண்டும். உண்ணிச்செடி அழகுக்காகக் கொண்டுவந்தது. இப்போது காடு முழுக்கப் பரவிவிட்டது. தமிழ்நாடு அரசு 2022-ஆம் ஆண்டு இந்த மாதிரித் தாவரங்களை அகற்றுவதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது.

அதுக்காக வெளிநாட்டு மரம் எல்லாம் கெட்ட மரம் என்று நினைத்துவிடக் கூடாது. என் வகுப்பில் ஒருத்தி அப்படிச் சொன்னபோது நான் சண்டை போட்டேன். நம்ம பண்ருட்டி முந்திரி எந்த ஊர்? பிரேசில். போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது. ரோட்டோரப் புளியமரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. இந்த இரண்டும் இல்லாமல் நம்ம தாலுகாவில் எத்தனை வீட்டில் உலை கொதிக்கும்? குழம்பு எப்படி வைப்பது? அவை நட்ட இடத்தில் நிற்கின்றன. சீமைக்கருவேல் மாதிரி ஏரிக்குள் இறங்கி இடம் பிடிக்கவில்லை. (பலாமரம் மட்டும் சுத்தமாக நம்ம ஆள். மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்தது.)

மண்ணின் மரம் என்று சொல்லப்படுகிறவை நம்ம கடலோர மாவட்டங்களின் வெப்பத்துக்கும் புயலுக்கும் பல ஆயிரம் வருடமாகப் பழகியவை. புங்கன், புன்னை, மகிழம், நாவல், இலுப்பை, வெப்பாலை, வேம்பு எல்லாம் அப்படி. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையில் அடித்தபோது ஆயிரக்கணக்கான மரம் விழுந்தது. அழகுக்காக நட்ட மயில்கொன்றை, தூங்குமூஞ்சி மாதிரி மரங்கள் நிறைய சாய்ந்தன என்று மரம் பார்த்தவர்கள் எழுதினார்கள். அதற்கு ஒரு வருடம் முன்பு, 2015 டிசம்பரில் அடையாற்றில் பெருவெள்ளம் வந்து கோட்டூர்புரம் முழுக்கத் தண்ணீர். ஒரு வருடம் வெள்ளம், மறு வருடம் புயல். அதற்குப் பிறகும் மறுபடி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வருகிறார்களே, அதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

புயல் நமக்குத் தெரியாததா? 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. நம்மில் நிறைய பேர் அப்போது பிறக்கவில்லை, பிறந்தவர்கள் கைக்குழந்தை. மணிக்கு 140 கிலோமீட்டர் வரை காற்று. எங்க ஆயா இன்னும் சொல்வார்கள், "காலைல எழுந்து பார்த்தா கொல்லையில நின்ன பலா ஒன்னுகூட நிக்கல, தூரத்துல இருக்கிற ஊர் எல்லாம் வெட்டவெளியா தெரிஞ்சுது" என்று. முந்திரி வைத்து திரும்பக் காய்க்க எத்தனை வருடம் ஆகும் என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். மரம் போனால் வீட்டு வருமானமே போகும் என்று நமக்குச் சொல்லித்தர யாரும் வேண்டாம். 2024-இல் ஃபெஞ்சல் புயல் வந்தபோதும் தென்பெண்ணை கரை தாண்டியதை நாமே பார்த்தோம்.

ஊர்ப் பெயரில் இருக்கிற மரங்கள்

இது சின்னப் பகுதி, ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்தது. நம்ம மாவட்டத்தில் ஊருக்கே மரத்தின் பெயர் இருக்கிறது. திருப்பாதிரிப்புலியூர் பாதிரி மரத்தால் வந்த பெயர். அங்கே பாடலீசுவரர் கோயிலின் தலமரம் பாதிரிதான். சிதம்பரத்தின் பழைய பெயர் தில்லை. தில்லை மரம் இன்றைக்கும் பிச்சாவரம் சதுப்புக் காட்டில் இருக்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. எங்க வகுப்பில் முப்பத்தெட்டுப் பேரைக் கேட்டேன், பாதிரி மரத்தை நேரில் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று. ஒருவர்கூட இல்லை. ஊர்ப் பெயரை பஸ் போர்டில் தினமும் படிக்கிறோம், மரம் எப்படி இருக்கும் என்று தெரியாது.

சென்னை மாதிரி பெரிய நகரத்துக்குள்ளேயே கிண்டி தேசியப் பூங்கா இருக்கிறது. 2.70 சதுர கிலோமீட்டர்தான். 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். புள்ளிமானும் வெளிமானும் அங்கே சுற்றுகின்றன, சுவருக்கு வெளியே பஸ் போகிறது. அடையாற்று முகத்துவாரத்தில் 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்கா 2011-இல் திறந்தார்கள். வெளிநாட்டில் பார்த்தால், நியூயார்க் நகரத்தின் நடுவில் 843 ஏக்கரில் சென்ட்ரல் பார்க் என்று ஒன்று. அதைக் கவனிக்க ஆள் இல்லாமல் மோசமாகப் போனபோது, 1980-இல் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு அமைப்பு ஆரம்பித்தார்கள். அந்த அமைப்புதான் இன்றைக்கும் பார்த்துக்கொள்கிறது. அவ்வளவு பணக்கார ஊரிலேயே அரசாங்கம் மட்டும் போதவில்லை, பாருங்கள்.

ஆணி பிடுங்கும் பாடம்

மரப் பூங்காவில் எனக்குக் கற்றுக்கொடுத்த இன்னொரு வேலை ஆணி எடுப்பது. பூங்காவுக்குள் இல்லை, வெளியே ரோட்டோர மரங்களில். டியூஷன் விளம்பரம், மூலம் பவுத்திரம் விளம்பரம், வாடகைக்கு வீடு என்று எல்லாவற்றையும் மரத்தில்தான் அடிக்கிறார்கள். இதனால் மரத்துக்கு என்ன ஆகும்?

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் திசுக்கள் பாடம் ஞாபகம் இருக்கிறதா? சைலம் வேரில் இருந்து தண்ணீரை மேலே கொண்டுபோகும். புளோயம் இலையில் தயாரித்த உணவைக் கீழே கொண்டுவரும். புளோயம் எங்கே இருக்கிறது? பட்டைக்கு உள்பக்கம், மெல்லிசாக. அதற்கும் கட்டைக்கும் நடுவில் கேம்பியம். மரம் பருமனாவது அந்தக் கேம்பியத்தால்தான். ஆணி அடித்தால் முதலில் கிழிவது இந்த இரண்டும். ஆணி துருப்பிடித்த ஓட்டை வழியாகப் பூஞ்சையும் பூச்சியும் உள்ளே போகும். ஒரு ஆணியால் மரம் செத்துவிடாது. நம்ம பஸ் ஸ்டாப் புளியமரத்தில் நான் எண்ணினேன், ஒரே மரத்தில் பதினான்கு. கம்பி கட்டினால் இன்னும் மோசம். மரம் பருக்கும்போது கம்பி உள்ளே இறங்கி, சுற்றிலும் புளோயத்தை அறுத்துவிடும். அப்புறம் வேருக்குச் சாப்பாடு போகாது.

ஒரு வேடிக்கை கேளுங்கள். இன்றைக்கு உங்கள் தோள் உயரத்தில் ஒரு ஆணி அடித்தால் இருபது வருடம் கழித்து அது எங்கே இருக்கும்? மரம் வளர்வதால் மேலே போயிருக்கும் என்று எங்க வகுப்பில் பாதிப் பேர் சொன்னார்கள். போகாது. அதே உயரத்தில்தான் இருக்கும். மரம் உயரமாவது நுனியில் மட்டும். நடுத்தண்டு பருமன்தான் ஆகும்.

எடுக்கும் முறை இது. ஆணி பிடுங்குகிற சுத்தியல் வேண்டும். சுத்தியலை நேராகப் பட்டையில் ஊன்றி நெம்பினால் பட்டை நசுங்கிவிடும். நடுவில் ஒரு மரத்துண்டோ மடித்த கோணியோ வைக்க வேண்டும். மெதுவாக நேராக இழுக்க வேண்டும். ஆணியின் தலையை மரம் ஏற்கெனவே மூடிவிட்டிருந்தால் தோண்டக் கூடாது, விட்டுவிட வேண்டும். எடுத்த ஓட்டையில் சிலர் மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவுவார்கள். சிமெண்ட் மட்டும் வைத்து அடைக்கவே கூடாது. மரம் தானாகவே மூடிக்கொள்ளும். எடுத்த ஆணியை டப்பாவில் போட வேண்டும், கீழே போட்டால் வெறுங்காலோடு வருகிற நம்ம தம்பி தங்கச்சிகள் காலில் ஏறும்.

இப்போது நம் பள்ளிக்கு வருகிறேன்

வேர் என்று ஆரம்பித்தேன் அல்லவா? மரத்தின் வேர் தென்னங்கிணறு மாதிரி நேராகக் கீழே மட்டும் போகிறது என்று நினைக்கிறோம். தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சுகிற மெல்லிய வேர்களில் பெரும்பங்கு மேல்மண்ணில் ஒன்று இரண்டு அடி ஆழத்துக்குள்தான் இருக்கும். பக்கவாட்டில் கிளை பரவிய தூரத்தையும் தாண்டிப் போகும். அந்த வேர் உயிருள்ளது. அதற்கும் ஆக்சிஜன் வேண்டும். மண்ணில் இருக்கும் சின்னச் சின்ன இடைவெளி வழியாகத்தான் காற்றும் தண்ணீரும் அதற்குப் போகும். மேலே சிமெண்ட் போட்டு அடிமரம் வரை மூடினால் அந்த வழி அடைபடும். மரம் உடனே சாகாது. நாலைந்து வருடத்தில் நுனிக்கிளை காயும், வேர் பலம் இழக்கும், அடுத்த புயலில் சாயும். அப்போது எல்லாரும் புயலைத்தான் திட்டுவார்கள்.

நம் பள்ளி வளாகத்துக்குப் பேவர் பிளாக் கல் போடப் போகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கும் சந்தோஷம்தான். மழை பெய்தால் பிரேயருக்கு நிற்க முடியாமல் சேறு. போன ஐப்பசியில் ஆறாம் வகுப்புப் பாப்பா ஒன்று வழுக்கி விழுந்தது. அதனால் கல் வேண்டாம் என்று நான் எழுதவில்லை. மதிய உணவுக் கூடத்துக்குப் பக்கத்தில் உள்ள பெரிய வேப்பமரம், கொடிக்கம்பத்துக்குப் பின்னால் உள்ள இரண்டு புங்கமரம், இந்த மூன்றின் அடியிலும் கல்லை ஒட்டிப் போட வேண்டாம் என்பதுதான்.

எவ்வளவு இடம் விட வேண்டும்? டெல்லியில் இதே பிரச்சினை வந்தபோது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கிற சிமெண்ட்டை எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டது. மரத்துக்கு அதைவிட அதிகம் இருந்தால் நல்லது. குறைந்தது அந்த ஒரு மீட்டராவது நாம் விடலாம். அப்படி விட்டால் எவ்வளவு இடம் வீணாகும் என்று கணக்கு டீச்சர் உதவியோடு போட்டுப் பார்த்தோம். தையல் டேப் வைத்து அளந்தது:

வேப்பமரத்தின் சுற்றளவு 220 செ.மீ. சுற்றளவு = 2πr. அப்படியானால் ஆரம் 35 செ.மீ. அதோடு ஒரு மீட்டர் சேர்த்தால் 135 செ.மீ. பெரிய வட்டத்தின் பரப்பில் இருந்து அடிமரத்தின் பரப்பைக் கழித்தால் சுமார் 5.34 சதுர மீட்டர். புங்கமரங்கள் இரண்டும் 132 செ.மீ. சுற்றளவு, ஆரம் 21 செ.மீ. ஒவ்வொன்றுக்கும் சுமார் 4.46 சதுர மீட்டர். மூன்று மரத்துக்கும் சேர்த்து சுமார் 14.3 சதுர மீட்டர். கல் போடப் போகிற இடம் 40 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், மொத்தம் 1000 சதுர மீட்டர். நூற்றுக்கு ஒன்றரை பங்குகூட இல்லை! அவ்வளவு கல்லும் மிச்சம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1000 சதுர மீட்டர் இடத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர் தண்ணீர். இப்போது அதில் நிறைய மண்ணுக்குள் போகிறது. கல் போட்ட பிறகு பெரும்பாலும் கேட் வழியாக ரோட்டுக்கு ஓடும். மரத்தடி வட்டத்தைக் கல் மட்டத்தில் இருந்து இரண்டு அங்குலம் தாழ்வாக விட்டு, தரையின் சரிவை அந்தப் பக்கம் கொஞ்சம் வைத்தால், அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு வேப்பமரத்துக்குப் போகும். வட்டத்துக்குள் கூட்டிய இலையைப் போட்டுவிடலாம், கொளுத்துகிற வேலையும் குறையும். கொத்தனார் மாமா ஒருவரிடம் கேட்டேன். "போடறதுக்கு முன்னாடி சொன்னா சுலபம்மா. போட்ட பிறகு சொன்னா உடைக்கணும்" என்றார்.

இதை எல்லாம் ஒரு தாளில் படமாக வரைந்து தலைமையாசிரியர் ஐயாவிடம் கொடுத்திருக்கிறோம். ஐயா பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். கூட்டம் வருகிற வெள்ளிக்கிழமை. அதனால் கூட்டத்துக்கு வருகிற உங்கள் அப்பா அம்மாவிடம் இந்த வாரத்துக்குள் சொல்லி வையுங்கள். "மரம் வளர்ப்போம்" என்று பொதுவாகச் சொன்னால் சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். "மூன்று மரம், ஒரு மீட்டர்" என்று அளவோடு சொல்லுங்கள்.

ஆணி எடுக்கும் வேலை சனிக்கிழமை காலை 9 மணிக்கு, நம் பள்ளி வளாகத்துக்குள் இருக்கிற மரங்களில் மட்டும். ரோட்டு மரத்துக்கு அனுமதி கேட்க வேண்டும், அது அப்புறம். வீட்டில் ஆணி பிடுங்குகிற சுத்தியல் இருந்தால் கொண்டுவரவும். சின்ன வகுப்புப் பிள்ளைகள் டப்பா பிடித்தால் போதும்.

வேப்பமரத்தையும் புங்கமரங்களையும் சுற்றி ஒரு மீட்டர் தூரத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு வைத்திருக்கிறோம். விளையாடும்போது கால் பட்டு அழிகிறது. அழிந்திருந்தால் யார் பார்த்தாலும் திரும்பப் போட்டுவிடுங்கள். சுண்ணாம்பு டப்பாவும், ஒரு மீட்டர் அளந்து முடிச்சுப் போட்ட கயிறும் ஒன்பதாம் வகுப்பு ஜன்னல் திண்டில் இருக்கிறது.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி